பகைவரின் உயிருக்கும் காவல் நின்ற அமீர்

அல்ஜீரியாவின் மஸ்கரா நகருக்கு அருகே 1808-ஆம் ஆண்டில் பிறந்தவர் அமீர் அப்துல் காதிர். தந்தையார் ஷெய்கு முஹ்யித்தீன், காதிரிய்யா தரீக்காவின் பெரியார். தந்தை, மைந்தர் இருவரின் பெயர்களும் பக்தாதில் அடங்கியிருக்கும் கௌதுல் அஃழம் அவர்களின் திருநாமங்களே என்பதை நம் இல்லத்துப் பெண்மக்களும் உடனே கண்டுகொள்வர். இளமையில் குர்ஆனை மனனம் செய்து, தந்தையாருடன் ஹஜ்ஜையும் பக்தாத் ஜியாரத்தையும் நிறைவேற்றித் திரும்பிய அவர், கிதாபுகளுடன் காலங்கழிக்கவே விரும்பினார்.

ஆனால் 1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. 1832-இல் கோத்திரத்தார் பைஅத் செய்து அவரை அமீராக்கினர். இடையிடையே உடன்படிக்கைகள் ஏற்பட்டும் முறிந்தும், 1847 வரை அவர் போர்க்களத்திலேயே இருந்தார்.

பகைவரின் தலையைக் கொய்து வருவோர் வெகுமதி பெறும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அமீர் அதனை ஒழித்து, உயிருடன் கொணரப்படும் கைதிக்கே வெகுமதி என்று ஆணையிட்டார். பத்ருக் கைதிகளுக்கு உணவளித்த நபித்தோழர்களின் வழி வந்தவர் வேறெவ்வாறு ஆணையிடுவார்? அல்ஜியர்ஸின் கத்தோலிக்க ஆயருடன் கடிதத் தொடர்பு கொண்டு, 1841-இல் கைதிகளைப் பரிமாறிக்கொள்ளவும் செய்தார்.

எதிர்த்தரப்போ 1845-இல் தஹ்ரா மலைக்குகையில் தஞ்சம் புகுந்திருந்த பலநூறு முஸ்லிம்களை, பெண்டிர் பிள்ளைகள் உட்பட, வாயிலில் தீமூட்டிப் புகையால் மாய்த்தது. மறு ஆண்டில் அமீர் பாசறையில் இல்லாத வேளையில், அங்கிருந்த பிரெஞ்சுக் கைதிகள் பலர் கொல்லப்பட்டனர். இதனை மறைத்து எழுதுதல் நேர்மையன்று. பகைவன் வரம்பு மீறியதால் நமக்கும் வரம்பு நீங்கிவிட்டது என்னும் எண்ணத்திற்கு ஷரீஅத்தில் இடமில்லை.

1847 டிசம்பரில், கிழக்கு நாடொன்றுக்குச் செல்ல அனுமதிப்பதாகப் பெற்ற வாக்கை நம்பி அமீர் சரணடைந்தார். வாக்கு மீறப்பட்டது. 1852 வரை குடும்பத்துடன் பிரான்சில் சிறையிருந்தார். விடுதலைக்குப் பின் 1855-இல் டமாஸ்கஸில் குடியேறி, மார்க்கக் கல்வி போதித்து வந்தார்.

1860 ஜூலையில் லெபனான் மலைப்பகுதிக் கலவரத்தின் தீ அந்நகரையும் பற்றியது. கிறிஸ்தவர்களின் வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உதுமானிய அதிகாரிகள் காக்கத் தவறிய அந்நாட்களில், அமீர் தம் அல்ஜீரியத் தோழர்களை வீதிவீதியாக அனுப்பி, அகப்பட்டோரையெல்லாம் தம் இல்லத்திற்கு அழைத்துவரச் செய்தார். அங்கே தஞ்சமடைந்தோருள் பிரெஞ்சுத் தூதரும் ஒருவர்! எந்நாடு அவரைச் சிறையிலிட்டதோ, அந்நாட்டின் தூதர். கலகக்காரர்கள் வாயிலில் திரண்டு அடைக்கலம் புகுந்தோரைக் கேட்டனர். அமீர் தர மறுத்து, ஆயுதம் தாங்கிய தோழர்களுடன் எதிர்நின்றார். முற்காலத்தில் இதே ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பியபோது, பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் கொல்லலாகாது, துறவிகளைத் தொடலாகாது என்று கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். போரிலேயே இத்துணை வரம்பென்றால், முஸ்லிம்களின் பாதுகாப்பில் வாழும் திம்மீகளின் இரத்தம் எவ்வாறு ஹலாலாகும்? அமீரின் நிலைக்கு இதுவே ஆதாரம்.

உயிர் பிழைத்தோர் பல்லாயிரவர். பிரான்சு தன் உயரிய விருதை அவருக்கு அனுப்பியது.

1883-இல் டமாஸ்கஸில் வஃபாத்தான அமீர், ஷெய்கு முஹ்யித்தீன் இப்னு அரபீ அவர்களின் அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அல்ஜீரியா விடுதலை பெற்று நான்காண்டுகளுக்குப் பின், 1966-இல் அவரது உடல் தாயகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.