கதிரும் கரும்பலகையும்

வேளச்சேரியில் ஒரு வகுப்பறையில் மாணவர் ஒருவர் உள்ளங்கையை விரித்து வைத்தால், அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துகள் பாய்ந்து செல்லும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் துகள் அது. நிறமில்லை, மணமில்லை. புலன்களுக்கு எட்டாத இதனை ஆசிரியர் எவ்வாறு கற்பிப்பார்?

அண்டக்கதிர்களை ஆராய்ந்தே அறிவியல் வாழ்வைத் தொடங்கியவர் விக்ரம் சாராபாய். அகமதாபாத்தில் ஆலை முதலாளியின் குடும்பத்தில் 1919 ஆகஸ்டு 12ஆம் நாள் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றவர், இரண்டாம் உலகப்போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவரானார். 1942இல் அவர் மணந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினி சென்னைக் குடும்பத்தவர். ஆகவே அவர் நம் ஊர் மருமகனும்கூட.

பெங்களூரிலும் காஷ்மீர் மலைகளிலும் சாராபாய் கதிர்களை அளக்கக் கைகர்–முல்லர் எண்ணி துணைநின்றது. யுரேனியம் அருகில் இல்லாதபோதும் அந்த எண்ணி துடிப்புகளைப் பதிவுசெய்யும். பாறையும் மண்ணும் வானும் கதிர்வீச்சின் இயற்கை ஊற்றுகளே. நம் உடலிலுள்ள பொட்டாசியத்திலும் கதிரியக்கம் உண்டு. அதனை ஒருமுறை கண்டவர், கதிர்வீச்சு இருக்கிறதா என்று கேட்பதை விடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தொடங்குவார். அச்சத்துக்கும் அறிவுக்கும் இடைப்பட்ட தொலைவு அந்த ஒரு கேள்விதான். கருவியைக் காணாத வகுப்பிலோ ஆல்ஃபா, பீட்டா, காமா என்பவை மனப்பாடத்துக்குரிய பெயர்களாகவே நின்றுவிடும்.

இக்குறையைச் சாராபாய் உணர்ந்திருந்தார். 1947இல் தாம் நிறுவிய இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் அறிவியலாளர்களை, 1963இல் பள்ளி அறிவியல் கல்வியை மேம்படுத்தும் குழுவாகத் திரட்டினார். அம்முயற்சியே 1966இல் சமூக அறிவியல் மையமாக வளர்ந்தது. மாணவரும் ஆசிரியரும் தம் கையால் சோதனை செய்து பார்க்கும் இடம் அது.

அதே 1966 சனவரியில் ஓமி பாபா விமான விபத்தில் மறைந்தார். அணுசக்தி ஆணையத் தலைமை சாராபாயிடம் வந்தது. விண்வெளித் திட்டமும் அவர் தோள்களிலேயே இருந்தது. அத்தனை சுமைக்கிடையிலும் பள்ளி ஆசிரியரை அவர் மறக்காதது வியப்புக்குரியது. 1968 டிசம்பரில் தம் ஆசான் இராமனையே மையத்துக்கு அழைத்தார். வானம் ஏன் நீலமாயிருக்கிறது என்பதைப் பற்றி, நோபல் பரிசாளர் அங்கு உரையாற்றினார்.

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணு உலை ஆய்வு மையம் 1971இல் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் சாராபாய் காலமானார், அகவை 52. அகமதாபாத் மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.