கிறிஸ்தவக் கம்பர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தழுவிக் கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் பொருநையொடு கலக்கிறது. அவ்விரு நதிகளும் பாயும் நெல்லைச் சீமை, தமிழ் விளைந்த நிலம். தென்காசியிலிருந்து அரசாண்ட அதிவீரராம பாண்டியர் நைடதம் பாடினார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர்மீது குறவஞ்சி பாடினார். அதே சீமையில் தோன்றி, தாம் தழுவிய கிறிஸ்தவ சமயத்திற்குத் தமிழில் ஒரு காப்பியம் தந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை.

இவர் 1827 ஏப்ரல் 23-ஆம் நாள், திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். இளமையிலேயே அக்காப்பியம் மைந்தரின் செவியில் ஊறிற்று. இராமபிரானின் குணங்களில் தோய்ந்த அவ்வுள்ளத்தில் வேறொரு சமயம் இடம்பெறும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

1853-ஆம் ஆண்டில் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. ஊதியத்தின் பொருட்டுச் சென்றாரேயன்றிச் சமயம் நாடிச் செல்லவில்லை. தொடக்கத்தில் அதன்மீது அவருக்கு வெறுப்பே இருந்தது. ஆயினும் நெருங்கிய நண்பர் தனக்கோடி ராஜுவும், இளவலாகிய முத்தையா பிள்ளையும் அந்நெறியை நாடியது அவரைச் சிந்திக்க வைத்தது. விவிலியத்தையும், ஜான் பனியன் எழுதிய பரதேசியின் பயண வரலாற்றையும் கற்றார். பாவத்தின் சுமையை இறக்கிவைக்க இடம் எது என்னும் வினா அவரை விடவில்லை. 1858 ஏப்ரல் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரையும் ஏற்றார்.

அந்நாளில் ஞானஸ்நானம் பெறுவதென்பது சடங்கொன்றில் முடிந்துவிடும் செயலன்று. சுற்றத்தின் சினத்தையும் பெற்றவளின் கண்ணீரையும் தாங்கத் துணிதல் வேண்டும். அத்துணிவுக்கு ஈடாக அவர் செல்வமோ பதவியோ பெற்றாரில்லை. சென்னையில் பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் உழைத்தார்; பின்னர் சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் தமிழ் கற்பித்தே வாழ்ந்தார்.

உணவிலும் உடையிலும் தம் குலவழக்கத்தை அவர் பெரிதும் கைவிடவில்லை. கிறிஸ்துவின்முன் அனைவரும் ஒன்றெனக் கொண்ட சபைக்குள் குலவழக்கம் எவ்வளவு நுழையலாம் என்பது அன்றே கடுமையாக வழக்காடப்பட்டது. அவ்வழக்கில் அவர் வாழ்வும் வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. ஆனால் அயல்நாட்டு நடை உடைகளைப் பூண்பதே கிறிஸ்தவம் என்னும் எண்ணத்தை அவர் ஏற்காததால் தமிழுக்கு விளைந்தது பெரும்பேறு.

அப்பேறே இரட்சணிய யாத்திரிகம். ஆங்கில நாட்டுச் சிறையில் வாடிய பனியன் எளிய உரைநடையில் எழுதி, 1678-இல் வெளியான நூலே இதற்கு மூலம். மனைவி மக்கள் தடுத்தும் அழிவின் நகரை விட்டு ஓடும் பயணியின் கதை அது. வீட்டாரின் துயரைக் கண்டும் தம் வழியே நடந்த கிருஷ்ணபிள்ளைக்கு அது ஏட்டுக் கதையாக இருந்திருக்க இயலாது. நற்போதகம் இதழில் பகுதி பகுதியாக வந்த காப்பியம் 1894-இல் நூலாயிற்று. ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். இடையிடையே தேவாரம் எனப் பெயரிட்ட இசைப்பதிகங்கள். மூலத்தில் விரிக்கப்படாத கிறிஸ்துவின் பாடுகளை இவர் தனியே விரித்துப் பாடினார். தம்மை அறைந்தோருக்காக மன்றாடும் பெருமானைக் கம்பன் வளர்த்த விருத்தத்தில் கண்டபோது, கிறிஸ்தவரல்லாத தமிழ்ப் புலவரும் உள்ளம் உருகினர்.

இலக்கண சூடாமணி, இரட்சணிய சமய நிர்ணயம், 1899-இல் வெளிவந்த இரட்சணிய மனோகரம் ஆகியனவும் இவர் ஆக்கங்கள். 1900 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார்.

மெய்ச்சமயப் பற்று எது? பழையதைப் பழிப்பதனால் அது மெய்ப்படுவதில்லை. கண்ட உண்மைக்காக இழக்க வேண்டியதை இழந்து, எஞ்சிய வாழ்நாள் முழுதும் அவ்வுண்மைக்கே உழைப்பதில் அது விளங்கும். தந்தையார் அளித்த கம்பனைத் தள்ளிவிடாமல், தாம் கண்ட இரட்சகரின் திருவடியில் அத்தமிழையே காணிக்கையாக்கினார் கிருஷ்ணபிள்ளை. கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவருக்கு இட்ட பெயரில் அவருடைய இரு பற்றுகளும் இணைந்தே நிற்கின்றன.