மாவு ஆலையில் பிறந்த சங்கீதம்

உங்கள் தாத்தாவின் தாத்தா யார்? அவர் என்ன தொழில் செய்தார்?

உடனே பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் ஜெர்மனியில் ஒருவர் இந்தக் கேள்விக்குப் பதிலை எழுதியே வைத்தார். அவர்தான் உலகப் புகழ் பெற்ற சங்கீத மேதை யோகான் செபாஸ்டியான் பாக்.

அது 1735-ம் ஆண்டு. பாக்குக்கு வயது 50. லைப்சிக் நகரத் தேவாலயங்களின் சங்கீதம் அவர் பொறுப்பில் இருந்தது. அந்த ஆண்டில்தான் அவருடைய கடைசி மகன் பிறந்தான். அதே ஆண்டில் பாக் தமது குடும்ப வரலாற்றை எழுதினார். அதில் 53 ஆண்களின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்.

முதல் எண் யாருக்கு? பிரபுவுக்கா? பண்டிதருக்கா? இல்லை. ரொட்டி சுட்டுப் பிழைத்த ஒரு தொழிலாளிக்கு!

அவர் பெயர் ஃபைட் பாக். பாக்கின் தாத்தாவுக்குத் தாத்தா.

வீடா? மதமா?

ஃபைட் 16-ம் நூற்றாண்டில் ஹங்கேரியில் இருந்தார். வெள்ளை ரொட்டி சுடுவது அவர் தொழில். அவர் மார்ட்டின் லூதரின் வழியைப் பின்பற்றிய கிறிஸ்தவர். அந்த வழியில் நடந்தவர்களுக்கு அங்கே இடைஞ்சல் ஏற்பட்டது. மதத்தை விட வேண்டும். அல்லது ஊரை விட வேண்டும்.

ஃபைட் ஊரை விட்டார். சொத்தில் விற்க முடிந்ததை விற்றுக் காசாக்கினார். ஜெர்மனிக்கு வந்தார். துரிங்கியா பகுதியில் லூதர் வழியினருக்குப் பாதுகாப்பு இருந்தது. அங்கே கோத்தா நகருக்கு அருகில் வெக்மார் என்ற கிராமத்தில் குடியேறி, மறுபடியும் ரொட்டி சுட ஆரம்பித்தார்.

அவரிடம் சிறிய தந்தி வாத்தியம் ஒன்று இருந்தது. அதன் மீது அவருக்கு உயிர். ஆலைக்கு மாவு அரைக்கப் போகும்போதும் அதைக் கூடவே எடுத்துப் போவார். ஆலை ஓடும். அது அரைத்து முடிக்கும் வரை அவர் வாசித்துக் கொண்டிருப்பார்.

கடகடவென்ற ஆலைச் சத்தத்தோடு அந்த நாதம் எப்படிக் கலந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்து பாக் ரசிக்கிறார். தாளம் தப்பாமல் வாசிக்க அவர் கற்றது அங்கேதானாம். குடும்பத்தில் சங்கீதம் தொடங்கியதும் அப்படித்தான் என்கிறார்.

மகன் பிடித்த வழி

ஃபைட்டின் மகன் ஹான்ஸ். அவரும் முதலில் ரொட்டித் தொழில்தான் கற்றார். மனம் சங்கீதத்தில் இருந்தது. கோத்தா நகரத்து வாத்தியக்காரரிடம் சீடராகச் சேர்ந்தார். பிறகு ஊர் ஊராக வாசிக்கப் போனார். 1626-ல் கொள்ளை நோய்க் காலத்தில் இறந்தார். ஆனாலும் அவருடைய பிள்ளைகள் வாத்தியத்தைக் கீழே வைக்கவில்லை. பேரன் அம்புரோசியுஸ், ஐசனாக் நகரத்து வாத்தியக்காரர் ஆனார். அவருக்கு 1685-ல் பிறந்த மகனே செபாஸ்டியான் பாக்.

பத்து வயது நிரம்புவதற்குள் பாக் தாயையும் தந்தையையும் இழந்தார். மூத்த அண்ணன் தம் வீட்டுக்கு அழைத்துப் போய் வளர்த்தார். அண்ணனும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பெற்றோரை இழந்த சிறுவனைக் காப்பாற்றியது, குடும்பமும் அது காத்து வந்த கலையும்தான்.

பட்டியலில் பாக் தமக்குக் கொடுத்துக் கொண்ட எண் 24. உறவினர்களின் வரிசையில் தமக்கு உரிய இடத்தில் நின்று கொண்டார்!

பேத்தியின் கை

1750-ல் பாக் காலமானார். அவர் எழுதிய மூலப் பிரதி தொலைந்து போயிற்று. ஆனால் விஷயம் அழியவில்லை. மகன் எமானுவேலிடம் அந்த வரலாறு இருந்தது. எமானுவேலின் மகள் அன்னா கரோலினா உட்கார்ந்து அதை முழுவதும் பிரதி எடுத்தாள். தந்தை தமக்குத் தெரிந்ததையும் அதில் சேர்த்தார். அந்தப் பிரதிதான் ரொட்டிக்காரரின் கதையை நம்மிடம் கொண்டு வந்து சேர்த்தது.

53 பேரில் ஒரு பெண்ணுக்குக் கூட எண் இல்லை. அந்தப் பட்டியலைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு பெண்ணின் கை!