காந்தியடிகளும் இரு மேமன் வணிகர்களும்

நம்மில் வியாபாரத்தோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. வியாபாரம் இருக்குமிடத்தில் கொடுக்கல் வாங்கலும், கொடுக்கல் வாங்கல் இருக்குமிடத்தில் தகராறும் இருக்கத்தான் செய்யும். ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரத்தையே எடுத்துக் கொள்வோம். அங்கிருந்து ஒரகடம் வரை பெரிய தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. அவற்றை நம்பிச் சிறிய லேத் பட்டறைக்காரர்களும், பெட்டி செய்வோரும், வேன் ஓட்டுவோரும், சாப்பாடு அனுப்புவோரும் பிழைக்கிறார்கள். பில் பணம் நாலு மாதம் தேங்கினால் பட்டறைக்காரர் இரும்புக் கடைக்குக் கொடுக்க வேண்டியது நிற்கிறது. கடைக்காரர் வக்கீல் நோட்டீஸ் விடுகிறார். கூட்டாளி சொந்த மச்சானாக இருந்துவிட்டாலோ, வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பதும் நின்று போகிறது.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு முஸ்லிம் வியாபாரி செய்ய வேண்டியது என்ன என்பதை மஸ்அலாவாக எழுதாமல், இம்மாதம் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு சொல்ல நாடுகிறோம். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மார்க்கப் பத்திரிகையில் காந்தியடிகளுக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். அவர் வக்கீலாகத் தலையெடுத்ததே இரண்டு முஸ்லிம் வியாபாரிகளின் வழக்கில்தான். அவ்விருவரும் அதில் நடந்து கொண்ட விதம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டியதாகும்.

காந்தியடிகள் 1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். லண்டனில் சட்டம் பயின்று 1891இல் பாரிஸ்டராகத் திரும்பினார். திரும்பியவருக்குத் தொழில் ஓடவில்லை. பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றவர் நா எழாமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய பீஸையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு ராஜ்கோட்டில் மனு எழுதிக் காலந்தள்ளினார். அவ்வேளையில்தான் போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வியாபாரிகளான தாதா அப்துல்லா கம்பெனியாரிடமிருந்து அழைப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர்களுக்குப் பெரிய வியாபாரம். அங்கே நாற்பதாயிரம் பவுனுக்கு ஒரு வழக்கு நீண்டகாலமாக நடந்து கொண்டிருந்தது. ஓராண்டுக்கு மிகாத வேலை, போக வர முதல் வகுப்புக் கட்டணம், சாப்பாடு இருப்பிடம் போக 105 பவுன் என்று பேச்சு. 1893 மே மாதம் அவர் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்.

ஸேட் தாதா அப்துல்லா அதிகம் படித்தவரல்லர். ஆனால் அனுபவ ஞானமும் கூர்மையான புத்தியும் உடையவர். பேங்குக்காரரோடும் வெள்ளைக்கார வியாபாரிகளோடும் தமக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கொண்டே பேசி முடித்துவிடுவார். இஸ்லாத்தைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசுவதில் அவருக்கு அலாதி விருப்பம். அவரோடு பழகியதால் இஸ்லாத்தைப் பற்றி நிறையத் தெரிந்து கொண்டதாகக் காந்தியடிகளே பின்னாளில் எழுதியிருக்கிறார். நம் வியாபாரிகளின் நடையும் பேச்சும் மாற்று மதத்தவருக்கு எப்படிப்பட்ட தஃவாவாக அமைகின்றன என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

வழக்கோ முழுக்க முழுக்கக் கணக்கு வழக்கு. புரோநோட்டு என்றால் என்னவென்றே பாரிஸ்டருக்குத் தெரியாது. அகராதியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கணக்கெழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்து, குமாஸ்தாக்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டார். கோர்ட்டு இருந்த பிரிட்டோரியாவுக்குப் போகும் வழியில், மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்பு வண்டியிலிருந்து அவர் கீழே தள்ளப்பட்ட கதை உலகறிந்தது. இங்கு அதை விரிக்க வேண்டியதில்லை.

பிரிட்டோரியாவில் அவர் முதலில் செய்த காரியம் விசித்திரமானது. எதிர்தரப்பு ஸேட்டையே போய்ச் சந்தித்தார்! அவர் பெயர் தையிப் ஹாஜி கான் முஹம்மத். டர்பனில் தாதா அப்துல்லாவுக்கு இருந்த செல்வாக்கு பிரிட்டோரியாவில் தையிப் ஸேட்டுக்கு இருந்தது. அவர் துணையோடு அவ்வூர் இந்தியரை ஒன்று கூட்டினார். கூட்டம் ஸேட் ஹாஜி முஹம்மத் ஹாஜி ஜூஸப் என்னும் மேமன் வணிகரின் வீட்டில் நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வியாபாரிகள். காந்தியடிகள் தம் வாழ்நாளில் தடுமாறாமல் பேசிய முதல் பேச்சு அதுதான் எனலாம். பொருள்: வியாபாரத்தில் உண்மை. வியாபாரத்துக்கு உண்மை சரிப்படாது என்பது அங்கும் வழக்கமான பேச்சாக இருந்தது. அதை அவர் அந்தச் சபையிலேயே மறுத்துப் பேசினார். உண்மையும் நம்பிக்கையும் உடைய வியாபாரி மறுமையில் யாரோடு இருப்பான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நன்கறிந்த அந்தச் சபைக்கு அப்பேச்சு புதிதாக இருந்திராது, பேசியவர்தான் புதியவர்.

வழக்குக் கட்டுகளை நாட்கணக்கில் படித்ததில் தாதா அப்துல்லாவின் பக்கம் பலமாக இருப்பதை அவர் கண்டார். வேறொரு வக்கீலாக இருந்தால் இத்தோடு மகிழ்ந்து போயிருப்பார். ஆனால் வாதியும் பிரதிவாதியும் உறவினர்கள், ஒரே ஊரார். இரு தரப்புக்கும் பெரிய பெரிய வக்கீல்கள். பீஸ் ஏறிக் கொண்டே போயிற்று. பெரிய வியாபாரிகளாயிருந்தும் இருவருடைய முதலையும் அது விழுங்கிவிடும் போலிருந்தது. ஜெயித்தவருக்கும் செலவு முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. வேறு வியாபாரத்தைக் கவனிக்க இருவருக்கும் நேரமில்லை. மனக்கசப்போ நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆகவே அவர் தையிப் ஸேட்டிடம் போய், மத்தியஸ்தர் ஒருவரை வைத்து முடித்துக் கொள்ளும்படி மன்றாடினார். அவருடைய சொந்த வக்கீலையும் கலந்து கொள்ளச் சொன்னார். தையிப் ஸேட் இசைந்தார். மத்தியஸ்தர் நியமிக்கப்பட்டார், அவர் முன் வாதம் நடந்தது. தாதா அப்துல்லாவுக்கே தீர்ப்பாயிற்று.

பலர் இக்கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியதோ இதற்குப் பிறகுதான் வருகிறது. தீர்ப்பான தொகை 37,000 பவுனும் செலவும். தாதா அப்துல்லா உடனே வசூலுக்குப் போயிருந்தால் தையிப் ஸேட்டால் அதை ஒரே தொகையாகக் கட்ட முடியாது, திவால்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்த போர்பந்தர் மேமன்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: திவாலாவதை விட மௌத்தே மேல். தையிப் ஸேட் ஒரு காசு குறைத்துக் கொடுக்கவும் விரும்பவில்லை, திவாலாகவும் விரும்பவில்லை. எஞ்சியிருந்தது ஒரே வழி. ஜெயித்தவர் தவணைக்கு ஒத்துக் கொள்ள வேண்டும். இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இசைய வைத்ததை விட, இந்தத் தவணைக்கு இசைய வைப்பதே தமக்குப் பெரும் பாடாக இருந்ததாகக் காந்தியடிகள் எழுதுகிறார். முடிவில் தாதா அப்துல்லா இசைந்தார். அதுவும் மிக நீண்ட காலத் தவணைக்கு. இருவருடைய மதிப்பும் ஊரில் உயர்ந்தது.

கடன்பட்டவன் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்க வேண்டும், தர்மமாக விட்டுவிடுவது அதனினும் மேல் என்று ஸூரத்துல் பகராவின் 280ஆம் ஆயத்து கற்பிக்கிறது. தாதா அப்துல்லா செய்தது அதன் முற்பகுதி. பிற்பகுதிக்கு நெருங்கிய ஒரு சம்பவம் புகாரியில் உண்டு. கஅபு பின் மாலிக் (ரலி) அவர்கள் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் மஸ்ஜித் நபவியில் வைத்துக் கடனைக் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியைத் தள்ளிவிடும்படி கஅபுக்குக் கையால் சாடை காட்டினார்கள். அவர் உடனே ஒப்புக் கொண்டார். அப்போதே மற்றவரை எழுந்து போய் மீதியைக் கொடுக்கும்படி பணித்தார்கள். கடன்காரருக்குச் சலுகை, கொடுத்தவருக்குத் தாமதமின்றிப் பணம். இரண்டும் சேர்ந்ததுதான் ஸுல்ஹு. நம் ஊர்களில் முத்தவல்லிமார் பேசி முடிக்கும் ராஜிகள் பல, கொஞ்சம் விட்டுக் கொடுங்கள் என்னும் முதற்பகுதியோடு நின்று விடுவதால்தான் ஆறு மாதத்தில் மீண்டும் முளைக்கின்றன. எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்காத ராஜி நம் பார்வையில் ராஜியே அல்ல. அதே பகரா ஸூராவின் 282ஆம் ஆயத்து தவணைக் கடனை எழுதி வைக்கக் கட்டளையிடுகிறதே!

அரசாங்கச் சட்டமும் இன்று இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. இந்தியாவிலேயே முதன் முதலாக கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் 2005இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கப்பட்டது. மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத வியாபார வழக்கில், அவசரத் தடையுத்தரவு கேட்காத பட்சத்தில், முதலில் சமரசத்துக்குப் போன பிறகே வழக்குத் தொடர முடியும் என்று 2018இல் வணிக நீதிமன்றச் சட்டம் திருத்தப்பட்டது. அது கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது. 2023இல் சமரசத்துக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சிறு தொகைத் தகராறுகளுக்கு லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே கட்டணமில்லை, கோர்ட்டிலுள்ள வழக்கு அங்கு முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பும், அதன் முடிவு டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது.

சுங்குவார்சத்திரம் பட்டறைக்காரருக்கு மிகவும் பயன்படுவது 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம். முறையாகப் பதிவு செய்த சிறு தொழிலரிடம் சரக்கு எடுத்தவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் அதற்கென உள்ள கவுன்சிலில் முறையிடலாம். அங்கும் முதலில் சமரசம், அது முறிந்தால்தான் மத்தியஸ்தத் தீர்ப்பு. தாமதத்துக்காகப் பேங்கு விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. வட்டி நமக்கு ஹராம். ஆகவே வட்டியை விட்டுவிடுகிறேன், அசலை இன்ன தேதிக்குள் கொடுங்கள் என்று நம்மவர் சமரசத்தின் போதே சொல்லிவிடலாம். பேணுதலுக்கும் அது நல்லது. பணமும் சீக்கிரம் வரும்.

காந்தியடிகளின் கதைக்கு வருவோம். 1894இல் வழக்கு முடிந்து ஊர் திரும்பவிருந்தவரை டர்பன் வியாபாரிகள் விடவில்லை. இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வந்திருந்த நேரம். பொதுக் காரியத்துக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லவே, சுமார் இருபது வியாபாரிகள் தங்கள் சட்ட வேலைகளுக்காக ஓராண்டுப் பணத்தை முன்னதாகவே கட்டி அவரை நிறுத்திக் கொண்டார்கள். ஒரு மாதம் என்று தங்கியவர் 1914 வரை இருக்கும்படி ஆயிற்று. அக்காலத்தில் நூற்றுக்கணக்கான வழக்குகளைப் பேசியே முடித்தார். அதனால் வருமானத்திலும் தமக்கு நஷ்டமில்லை என்று கணக்குச் சொல்கிறார்.

அவரிடம் வந்த முதல் ஏழைக் கட்சிக்காரர் நம் தமிழர். பெயர் பாலசுந்தரம், டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் வழிய வந்து நின்றார். டாக்டர் சர்டிபிகேட்டோடு மாஜிஸ்டிரேட்டிடம் போனாலும், முதலாளியைச் சிறைக்கு அனுப்புவது காந்தியடிகளின் நோக்கமாக இல்லை. கூலியை அந்த இடத்திலிருந்து விடுவித்து வேறொருவரிடம் ஒப்பந்தத்தை மாற்றித் தர வேண்டுமென்று முதலாளியிடமே பேசி இசைய வைத்தார்.

பார்ஸி ருஸ்தம்ஜி என்ற வணிகர் அவருக்கு நெருங்கிய நண்பர். சுங்கவரி ஏய்த்துச் சரக்குக் கொண்டு வந்தது பிடிபட்டதும் அழுது கொண்டு ஓடி வந்தார். மறைக்காமல் அதிகாரியிடம் ஒப்புக் கொள்ளச் செய்து, ஏய்த்ததாக ஒப்புக் கொண்ட தொகைக்கு இரு மடங்கு கட்டுவதென்று ராஜியாயிற்று. ருஸ்தம்ஜி அந்த விவரம் முழுவதையும் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் ஆபீசில் மாட்டி வைத்தார், பின் வரும் பிள்ளைகளும் மற்ற வியாபாரிகளும் பார்க்கட்டுமென்று! நம் கடைகளில் எத்தனையோ படங்கள் தொங்குகின்றன. இப்படி ஒன்றை நாம் கண்டதில்லை.

இந்தியாவுக்குத் திரும்பிய பின் 1918இல் அஹமதாபாத் மில் தகராறு வந்தது. பிளேக் காலத்தில் கொடுத்து வந்த போனஸை முதலாளிகள் நிறுத்த, தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 சதவிகிதம் என்றனர். காந்தியடிகள் 35 சதவிகிதம் நியாயம் என்றார். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய அக்கா அனசூயா. கதவடைப்பு நீண்டபோது காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தார். அது நண்பர்களான முதலாளிகளை நெருக்கிவிட்டது, குறையுடையது என்று அவரே ஒப்புக் கொண்டிருக்கிறார். நாமும் அதைச் சமரசத்துக்கு நல்ல முன்மாதிரியாகக் கொள்ள மாட்டோம். ஆனால் முடித்த விதம் கவனிக்கத் தக்கது. இரு சாராரும் சபதம் செய்திருந்தார்கள். ஆகவே முதல் நாள் 35 சதவிகிதம், மறுநாள் 20 சதவிகிதம், மூன்றாம் நாளிலிருந்து மத்தியஸ்தர் தீர்ப்பு வரும் வரை இருபத்தேழரை என்று வைத்து, ஒருவர் முகமும் வாடாமல் செய்தார்கள். மத்தியஸ்தர் ஆனந்தசங்கர் துருவா பின்னர் 35 என்றே தீர்த்தார். 1920இல் அங்கே தொழிலாளர் சங்கம் அமைந்தது. தகராறுகளுக்கு மத்தியஸ்தம் என்ற ஏற்பாடும் வேரூன்றியது. 1948 ஜனவரி 30இல் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தம், மாநில அமைச்சர்களும் தொழிலாளர் துறையும் நடுவில் நின்று பேசி, 37 நாட்களுக்குப் பின் முடிந்தது. ஆனால் சிலரைத் தற்காலிக நீக்கம் செய்ததையொட்டி 2025 பிப்ரவரியில் அங்கே மீண்டும் போராட்டம் எழுந்தது. தையிப் ஸேட்டின் தவணைகளைப் போல, அங்கும் ராஜிக்குப் பிந்திய நாட்கள்தாம் கடினமாக இருந்தன.