களிமண்ணுக்கு உருவம் தந்த அறிஞர்
புத்தியை அளக்க வழி கண்ட ஆல்பிரட் பினே

பாடம் ஏறாத பிள்ளையைக் கண்டால், மண்டையில் களிமண் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அந்தக் களிமண்ணையும் பிசைந்து உருவம் பண்ணலாம் என்று நம்பி, அதைச் செய்து பார்த்தவர் பிரான்ஸ் தேசத்து மனோதத்துவ நிபுணர் ஆல்பிரட் பினே. புத்தியை அளக்கும் பரீட்சையை உலகுக்கு அளித்தவரும் அவரே. கைதூக்கி விடுவதற்காக அவர் செய்த அளவுகோல், பின்னாளில் பலரைக் கீழே தள்ளவும் பயன்பட்டது. அது சரித்திரத்தின் விபரீதம்.

சட்டம் கசந்தது

பினே 1857-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி நீஸ் நகரில் பிறந்தார். தந்தை வைத்தியர், தாயார் ஓவியர். பெற்றோர் பிரிந்துவிடவே, தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார். பாரிஸ் நகரில் படித்து 1878-ல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் கோர்ட்டுப் படி ஏற மனம் இல்லை. பிறகு தொடங்கிய வைத்தியப் படிப்பும் பாதியில் நின்றது. தேசிய நூலகத்தில் உட்கார்ந்து மனோதத்துவ நூல்களைப் படிப்பதில்தான் அவர் உள்ளம் லயித்தது. குடும்பச் சொத்து இருந்ததால் சம்பளக் கவலை இல்லை.

காந்தம் கற்பித்த பாடம்

அந்நாளில் பாரிஸ் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சார்க்கோ கொடிகட்டிப் பறந்தார். பினே அவரிடம் போய்ச் சேர்ந்தார். ஹிப்னாடிஸ மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் அருகே காந்தத்தை வைத்தால், உடலின் ஒரு பக்கத்தில் உள்ள கோளாறு மறு பக்கத்துக்கு மாறுகிறது என்று, சக ஆராய்ச்சியாளர் பெரேயுடன் சேர்ந்து அறிவித்தார்.

பெல்ஜிய அறிஞர் தெல்பேப் இதை நம்பவில்லை. நேரில் வந்து பார்த்தார். காந்தத்தின் மகிமை ஒன்றும் இல்லை. பரிசோதிப்பவர் எதிர்பார்ப்பது என்ன என்பதை அறிந்துகொண்டு நோயாளி அப்படியே நடக்கிறார் என்று எடுத்துக்காட்டினார். பினே முதலில் வாதாடினார். முடிவில் தவற்றை ஒப்புக்கொண்டார். அளப்பவனின் ஆசை அளவிலே கலந்துவிடும் என்ற பாடம், ஆயுள் முழுவதும் அவருக்குத் துணை நின்றது.

ஆட்டிடையனும் காசாளரும்

1891-ல் சோர்போன் ஆராய்ச்சிசாலையில் சம்பளம் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்த பினே, 1894-ல் அதன் தலைவரானார். வீட்டிலோ மாதலேன், ஆலிஸ் என்ற தம் இரு பெண்களின் சிந்தனைப் போக்கைக் கவனித்துக் குறிப்பெடுத்தார்.

அந்தக் காலத்தில் பெரிய பெரிய கணக்குகளை மனத்திலேயே போட்டு ஜனங்களைத் திகைக்க வைத்த இருவர் இருந்தனர். ஒருவர் இத்தாலியில் ஆடு மேய்த்த இனோதி. மற்றவர் கிரேக்கரான டயமாண்டி. பினே இருவரையும் சோதித்தார். இனோதி எண்களைக் காதால் கேட்பதுபோல் நினைவில் வைத்தார். டயமாண்டி கண்ணால் காண்பதுபோல் வைத்தார்.

பினே அத்துடன் விடவில்லை. பாரிஸ் போன் மார்ஷே கடையின் காசாளர்களையும் அழைத்துக் கணக்குப் போடச் சொன்னார். சிறிய பெருக்கல்களில் கடைக்காரர்களே முந்தினார்கள்! பல ஆண்டுப் பழக்கம் பிறவி மேதையோடு போட்டி போட்டது.

அளவுகோல் பிறந்தது

பள்ளிப் படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று ஆராய, 1904-ல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு குழு அமைத்தது. பினே அதில் அங்கம் வகித்தார். தனி உதவி தேவைப்படும் பிள்ளையை உபாத்தியாயரின் கோபதாபத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். டாக்டர் சிமோனுடன் சேர்ந்து 1905-ல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா என்பதில் அது தொடங்கும். சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்வது, இரு எடைகளில் கனமானதைக் கண்டுபிடிப்பது என்று படிப்படியாகக் கடினமாகும். 1908-ல் சோதனைகளை வயதுவாரியாக, 3 முதல் 13 வரை, வகுத்தார்.

புத்தி என்பது ஆளின் உயரம்போல் ஒரே எண்ணில் அடங்குவதல்ல என்றும் அவர் எச்சரித்தார்.

சிலை விளையாட்டு

அளந்தால் மட்டும் போதுமா? கூனல் முதுகை நிமிர்த்தப் பயிற்சி இருப்பதுபோல், மனத்தை நிமிர்த்தவும் பயிற்சி உண்டு என்றார் பினே. பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்பில் விளையாட்டுகள் புகுந்தன. சைகை செய்ததும் எல்லோரும் சிலைபோல் அசையாமல் நிற்க வேண்டும். விளிம்புவரை நீர் நிறைந்த பாத்திரத்தைச் சிந்தாமல் சுமந்து நடக்க வேண்டும். சில விநாடிகளில் காகிதத்தில் எத்தனை புள்ளி வைக்க முடியும் என்று போட்டி. தேறிய அளவு குறித்து வைக்கப்பட்டது. நேற்றைய தன்னையே இன்று வெல்ல ஒவ்வொரு பிள்ளையும் முயன்றது.

இன்னொரு விளையாட்டில், 9 பொருள்கள் ஒட்டிய அட்டையை 5 விநாடி காட்டி மறைப்பார்கள். பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வகுப்பைப் பார்க்க வந்த சட்டசபை அங்கத்தினர்கள் சிலர் தாங்களும் முயன்றார்கள். மந்த புத்தி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளிடம் அவர்கள் தோற்றார்கள்! ஒரே சிரிப்பு. பினே மட்டும் மயங்கவில்லை. பிள்ளைகள் நாள்தோறும் பழகியவர்கள், வந்தவர்கள் பழகாதவர்கள். வித்தியாசம் அதுதான் என்று விளக்கினார். ஆகவே விளையாட்டில் பெற்ற வெற்றியோடு நிற்காமல், படிப்பில் எவ்வளவு தேறினார்கள் என்பதையும் தனியே அளந்தார்.

பிறவியில் அமைந்த புத்தி வளரவே வளராது என்ற கொள்கையை 1909-ல் வெளியிட்ட நூலில் அவர் கடுமையாகக் கண்டித்தார். அதே ஆண்டில் அத்தகைய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு அமைக்கப் பிரான்சில் சட்டம் வந்தது.

அளவுகோல் ஆயுதமாயிற்று

1911-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, 54-வது வயதில் பினே காலமானார். மறு ஆண்டே ஜெர்மானியர் ஸ்டெர்ன், மன வயதை உடல் வயதால் வகுத்து ஓர் எண் ஆக்கினார். 1916-ல் அமெரிக்காவில் டெர்மன் அதைப் பரப்பினார். காடார்டு என்பவர் இந்தச் சோதனையை, கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகள்மேல் பிரயோகித்து, பலரை மந்தர்கள் என முத்திரை குத்தினார். பிறவிக் குறை என்று சொல்லிக் கட்டாயக் கருத்தடை செய்யவும் அங்கே இத்தகைய எண்கள் சான்றாயின. அந்த எண்ணைத்தான் பினே ஏற்காமல் எச்சரித்திருந்தார்.

மூளைக்குப் பயிற்சி என்று சொல்லும் விளையாட்டுகள் இப்போது கைபேசியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. 2010-ல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்றில் 11,430 பேர் ஆறு வாரம் இவ்வித விளையாட்டுகளில் பழகினார்கள். பழகிய விளையாட்டில் தேர்ச்சி கூடியது. பழகாத சோதனைகளுக்கு அந்தத் தேர்ச்சி பரவியதாகத் தெரியவில்லை. சட்டசபை அங்கத்தினர்கள் தோற்ற அன்றே பினே உணர்ந்த உண்மை இது. பயிற்சியால் பிள்ளை வளரும். ஆனால் வளர்ந்தது எது என்பதை, ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு அளந்து பார்க்க வேண்டும்.