தாய் வீட்டுக்கு மோட்டாரில் போன பெண்மணி

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். ஜெர்மனியில் உள்ள மன்ஹைம் நகரம் இன்னும் கண் விழிக்கவில்லை.

தொழிற்கூடத்தின் கதவு ஓசைப்படாமல் திறந்தது. ஒரு பெண்மணியும் இரண்டு சிறுவர்களும் மூன்று சக்கர வண்டி ஒன்றை மெல்லத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். வீட்டுக்குள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். யந்திரத்தின் சத்தம் கேட்டால் விழித்துவிடுவார். விழித்துவிட்டால் போகவிட மாட்டார். ஆகவே வீட்டைத் தாண்டிச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டே போய், அதன் பிறகுதான் யந்திரத்தை ஓடவிட்டார்கள்.

அந்தப் பெண்மணியின் பெயர் பெர்த்தா பென்ஸ். தூங்கிக்கொண்டிருந்தவர், பெட்ரோலில் ஓடும் மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸ். அன்று பெர்த்தா புறப்பட்டது சுமார் 65 மைலுக்கு அப்பால் இருந்த தாய் வீட்டுக்கு. அதற்கு முன் உலகத்தில் யாரும் மோட்டாரில் அவ்வளவு தூரம் போனதில்லை.

சீதனப் பணம்

பெர்த்தா 1849-ம் ஆண்டு மே 3-ந் தேதி ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் பிறந்தார். தகப்பனார் கார்ல் ஃபிரெடரிக் ரிங்கர் வசதியுள்ள கட்டிடத் தொழிலாளர்; தச்சு வேலையில் கெட்டிக்காரர். மறுபடியும் பெண் குழந்தைதானா என்ற மனக்குறையை அவர் குடும்ப பைபிளில் எழுதி வைத்தார் என்றும், பிற்காலத்தில் மகள் அதைப் படித்துவிட்டாள் என்றும் சொல்வார்கள்.

இளைஞர் கார்ல் பென்ஸை பெர்த்தா சந்தித்தபோது, அவரிடம் சொத்து எதுவும் கிடையாது. குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற கனவு மட்டும் இருந்தது. அந்தக் கனவில் பெர்த்தாவுக்கு நம்பிக்கை பிறந்தது.

1871-ம் ஆண்டு மன்ஹைமில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து கார்ல் தொழிற்கூடம் தொடங்கினார். கூட்டு சரிப்பட்டு வரவில்லை. கூட்டாளியை விலக்கப் பணம் வேண்டும். தமக்கு வரவேண்டிய சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே தகப்பனாரிடம் கேட்டு வாங்கி, தொழிற்கூடத்தைக் காப்பாற்றினார் பெர்த்தா. 1872-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது.

அதன் பிறகும் கஷ்டம் தீரவில்லை. கடன் நெருக்கியது. குழந்தைகள் பிறந்தன. ஆனாலும் பெர்த்தா கணவருக்குப் பக்கத்திலேயே நின்றார். 1879-ம் ஆண்டின் கடைசி நாள் இரவில், கார்ல் செய்த யந்திரம் முதன்முதலாகத் தடையில்லாமல் ஓடியபோது, அதைக் கேட்டு மகிழ்ந்தவர் பெர்த்தா.

வாங்க ஆள் இல்லை

1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி மோட்டார் வண்டிக்கான உரிமைக்கு கார்ல் விண்ணப்பம் செய்தார். 37435 என்ற எண்ணில் உரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் மன்ஹைம் தெருவில் வண்டியை ஓட்டியும் காட்டினார்.

மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாங்கத்தான் ஆள் வரவில்லை. இவ்வளவு சத்தம் போடும் வண்டி எத்தனை தூரம் தாங்கும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. கார்ல் கூச்ச சுபாவம் உள்ளவர். வண்டி இன்னும் பூரணமாகவில்லை என்று எண்ணி, அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

சீதனம் போட்டது பெர்த்தா. பதினேழு ஆண்டுகள் காத்திருந்ததும் அவர்தான். வண்டி தொழிற்கூடத்திலேயே முடங்கிவிட்டால் குடும்பத்தின் உழைப்பு முழுவதும் வீணாகிவிடும். நெடுந்தூரம் ஓட்டிக் காட்டினால்தான் உலகம் நம்பும் என்று அவர் தீர்மானித்தார். துணைக்கு 15 வயது யூகனையும், 13 வயது ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் வேலை

அந்தக் காலத்து மோட்டாரை ஓட்டுவது சுலபமான காரியம் அல்ல. பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டி அல்ல அது. பின்புறம் படுக்கையாக இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் பிடித்துச் சுழற்றினால்தான் யந்திரம் உயிர் பெறும். திருப்புவதற்கு இன்றைய வட்டச் சக்கரம் கிடையாது, ஒரு கைப்பிடிதான். வேகம் மணிக்குச் சுமார் 10 மைல். வெயிலுக்கும் புழுதிக்கும் மறைப்பு கிடையாது. சாலைகளோ குதிரை வண்டிகளுக்காகப் போடப்பட்டவை.

யந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருந்தது. கிணறு, ஓடை, சத்திரம் என்று கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள்.

எரிபொருள் கொள்ளளவு சுமார் நாலரை லிட்டர்தான். அப்போது பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்தில் எங்குமே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரை அடைந்ததும் பெர்த்தா நேராக மருந்துக் கடைக்குப் போனார். துணியில் படிந்த கறையைப் போக்க லிக்ரோயின் என்ற திரவத்தை அங்கே விற்பார்கள். அது பெட்ரோல் இனத்தைச் சேர்ந்தது. அதை வாங்கி வண்டியில் ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்ற பெருமை பிற்காலத்தில் அந்த மருந்துக் கடைக்குக் கிடைத்தது.

நடுவழியில் யந்திரம் நின்றது. எரிபொருள் வரும் குழாயில் அடைப்பு. பெர்த்தா தலையில் இருந்த தொப்பியின் நீண்ட ஊசியை உருவினார். குழாயைக் குத்திச் சுத்தம் செய்தார். வண்டி ஓடியது.

மறுபடியும் தகராறு. மின்பொறிக்குப் போகும் கம்பியின் மேலுறை தேய்ந்துவிட்டது. காலுறையைக் கட்டும் பட்டியைக் கழற்றிக் கம்பியில் சுற்றினார். அந்தக் குறையும் தீர்ந்தது.

சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் தொந்தரவு கொடுத்தது. புரூக்ஸால் ஊரில் ஒரு கொல்லர் அதைச் சரிசெய்து கொடுத்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை மேட்டுப் பாதைதான். யந்திரத்தின் சக்தி போதவில்லை. மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளுவார்கள். இறக்கத்திலோ வேறு ஆபத்து. பிரேக் கட்டைகள் தேய்ந்து பிடிப்பு இழந்தன. பௌஷ்லாட் கிராமத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைப் பிடித்து, கட்டைகளின் மேல் தோல் அடிக்கச் செய்தார் பெர்த்தா. இன்று எல்லா மோட்டார்களிலும் உள்ள பிரேக் லைனிங்குக்கு அதுவே ஆரம்பம் என்பார்கள்.

வந்து சேர்ந்தோம்

பொழுது சாயும் நேரத்தில் மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் புழுதி; கையெல்லாம் எண்ணெய். வண்டியைப் பார்க்க ஊரே கூடியது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டதாகக் கணவருக்குத் தந்தி அடித்தார் பெர்த்தா. சில நாட்களுக்குப் பிறகு, அதே வண்டியிலேயே வீடு திரும்பினார்.

வழியில் கண்ட குறைகளை எல்லாம் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னார். மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்றார். கார்ல் அப்படியே சேர்த்தார். அடுத்த மாதம் முனிச் நகரப் பொருட்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியாபாரம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1899-ம் ஆண்டில் மட்டும் பென்ஸ் கம்பெனி 572 வண்டிகளைச் செய்தது. அன்று உலகத்திலேயே பெரிய மோட்டார் தொழிற்சாலை அதுதான்.

பிற்காலத்தில் குடும்பம் லாடன்பர்க் என்ற ஊரில் குடியேறியது. 1926-ம் ஆண்டு பென்ஸ் கம்பெனியும் டெய்ம்லர் கம்பெனியும் ஒன்றாயின. 1929-ம் ஆண்டு கார்ல் காலமானார். அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் பெர்த்தா வாழ்ந்தார்.

1944-ம் ஆண்டு மே 3-ந் தேதி அவருக்கு 95 வயது நிறைந்தது. கார்ல் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி, அன்று அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் அளித்தது. இரண்டே நாளில், மே 5-ந் தேதி, லாடன்பர்க் வீட்டில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் போய் வந்த பாதை 2008-ம் ஆண்டு முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று அழைக்கப்படுகிறது. வீஸ்லோக் மருந்துக் கடையின் முன்னால் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மறுபடியும் பெண்தானா என்று தகப்பனார் வருந்திய அந்தக் குழந்தைதான், வண்டி ஓடும் என்பதை உலகத்துக்கு ஓட்டிக் காட்டியது.