அயலைக் கற்ற அறிஞர்: காரைதீவு விபுலாநந்த அடிகள்

எமது கரையோரப் பாடசாலைகளிலே சூரியோதயத்தை வரையுமாறு சித்திர ஆசிரியர் பணித்தால், மாணவருட் பலர் இரண்டு மலைகளை வரைந்து அவற்றின் நடுவே ஞாயிற்றை வைப்பர். கல்முனையிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும் ஞாயிறு கடலினின்றே எழுகின்றது. அதனை நாள்தோறும் காணும் பிள்ளைகளே ஏட்டிற் கண்ட மலைகளைத் தேடிச் செல்கின்றனர். ஓவியமாயினும் இசையாயினும், கலை பயிலப் புகுவோர் முதலில் நீக்கவேண்டிய குறை இதுவே. தம் அயலிலுள்ளவற்றை உற்று நோக்கியும் உற்றுக் கேட்டும், நூலிற் கற்றவற்றோடு அவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த பேரறிஞர் ஒருவர் இதே கரையிற் பிறந்தார். அவரே விபுலாநந்த அடிகள். இரு இந்துக் கல்லூரிகளின் வரலாற்றிலும் இடம்பெற்ற அப்பெரியாரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்வது எமது கடனாகும்.

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்னும் ஊர்களை அடுத்து அமைந்தது காரைதீவு. அவ்வூரிலே சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மகனாக 1892 மார்ச் 27 ஆம் நாள் அடிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. அக்கரையிற் பிறக்கும் பிள்ளைக்கு இசை தேடிச் சென்று கேட்கும் பொருளன்று. வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் கோயிலிலே குளிர்த்தி பாடுவர். கரைவலை இழுப்போர் அம்பா பாடுவர். சூடு மிதிக்கும் களத்திலே பொலிப்பாட்டு எழும். அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களில் உழவரும் மகளிரும் கவி பாடுவர்; பக்கீர்மார் றபான் தட்டிப் பைத்துப் பாடுவர். மருதமுனைத் தறிகளின் ஒலியும் ஒரு தாளமாகவே செவியில் விழும். இவையெல்லாம் அன்றாடம் கேட்பன ஆதலின், அவற்றைக் கலை என்று எண்ணுவோர் சிலரே.

மயில்வாகனனார் தொடக்கக் கல்வியைக் குஞ்சித்தம்பி ஆசிரியரிடமும், தமிழும் வடமொழியும் வைத்திலிங்க தேசிகரிடமும் கற்றார். கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் சேர்ந்தார். 1908 இல், பதினாறு வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிலகாலம் கற்பித்தபின், 1915 இல் அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் சித்தியெய்தினார்.

இவ்விரு பட்டங்களும் ஓராண்டிலே ஒருவருக்கு வாய்த்தமை கருதத்தக்கது. விஞ்ஞானம் பயில்வோன் முதலில் பொருளைப் பார்க்கவும், பார்த்ததை அளக்கவும், அளந்தபின்பே முடிவு கூறவும் கற்கின்றான். பண்டிதரிடம் பயில்வோன் ஒரு சொல்லையும் எளிதிற் கடந்து செல்லாமல் அதனை நிறுத்துப் பார்க்கக் கற்கின்றான். இவ்விரண்டும் பிற்காலத்தில் அடிகளாரிடம் ஒன்றாயின. யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தும், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றும், 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

உயர்பதவிகள் காத்திருந்த காலத்திலே அவர் துறவை நாடினார். 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924 இல் சுவாமி சிவாநந்தரிடம் துறவறம் பெற்று, விபுலாநந்தர் என்னும் பெயர் பூண்டார். அடுத்த ஆண்டு இலங்கைக்கு மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் மேற்பார்வையில் வளர்ந்தது. 1929 இல் மட்டக்களப்பு வாவிக்கரையிலே, கல்லடி உப்போடையில், சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

அவ்வாவி பாடும் மீனுக்குப் பெயர்பெற்றது. நிலாக் காலத்து இரவிலே தோணியிற் சென்று, துடுப்பின் ஒருமுனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்தால், நீரினடியிலிருந்து எழும் மெல்லிய நாதம் தெளிவாகக் கேட்கும் என்பது மீனவர் கண்ட வழி. 1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரியும் அவ்வொலியைக் கேட்டு, பின் தம் நூலிலே பதிவு செய்தார். ஊரார் நெடுங்காலமாகக் கேட்டு வந்த அந்நாதத்தை அடிகளார் இசை ஆராய்ச்சியாளரின் செவிகொண்டு கேட்டார். அவ்வனுபவத்தை நீரரமகளிரின் பாடலாக அமைத்து, பழந்தமிழ் இசையைப் பற்றிய தம் பெருநூலிலே சேர்த்தார். இமயம் வரை சென்று வந்த துறவி, தம் நூலில் ஊர் வாவிக்கு இடமளிக்கத் தயங்கவில்லை.

அப்பெருநூலே யாழ்நூல். அடிகளார் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். அக்காலத்தில், வழக்கொழிந்த யாழைப் பற்றிய ஆராய்ச்சி அவர் உள்ளத்தை முற்றும் கவர்ந்தது. யாழ் வில்லைப் போன்ற வடிவுடையது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு வேண்டும். மெட்டுக்களுடைய வீணையோ சில தந்திகளிலே எல்லாச் சுரங்களையும் தரவல்லது. வீணை பரவ யாழ் மறைந்தது. நாளடைவில் யாழ் எது, வீணை எது என்பதிலும் மயக்கம் உண்டாயிற்று. எஞ்சியவை சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகள், உரைகாரர் குறிப்புக்கள், குடுமியான்மலை இசைக் கல்வெட்டுப் போன்ற சில சான்றுகளே.

அவற்றைக்கொண்டு அடிகளார் கணக்கிலே இறங்கினார். ஒரு நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை இசைத்தால், குரலுக்கு இளியாகிய சுரம் பிறக்கும். இவ்வாறு நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள விகிதங்களைக் கணித்து, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று திரியும் முறையை விளக்கினார். 21 நரம்புடைய பேரியாழ் முதல் 7 நரம்புடைய செங்கோட்டியாழ் வரை அவற்றின் உறுப்புக்களையும் வடிவங்களையும் வரையறுத்தார். பாட்டைப் பண்டிதர் படித்தார். நரம்பை விஞ்ஞானி அளந்தார். ஒலியை வாவிக்கரைவாசி கேட்டார். இம்மூவரும் அவர் ஒருவரே.

1939 முதல் இமயத்து மாயாவதியில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழை நடத்திய அடிகளார், பின்னர் ஊர் மீண்டார். 1942 இல் கல்முனையில் அரசாங்க அதிகாரியாகப் பணியாற்றிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அடிகளாரோடு நெருங்கிய நட்புக் கொண்டார். இப்பகுதி முஸ்லிம்களின் கல்வி பின்தங்கியிருப்பதைக் குறித்து இருவரும் உரையாடினர். கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிய காலமும் அதுவே. காரைதீவில் ஓர் ஒழுங்கை கடந்தால் மறுபுறம் முஸ்லிம் ஊர். அங்கு பிறந்தவர்க்கு அயலவர் வாழ்வும் தம் வாழ்வின் ஒரு பகுதியாகப்பட்டதில் வியப்பில்லை.

1943 இல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றி வந்தது, நூலோ முடிந்தாகவேண்டியிருந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ்நூல் 1947 ஜூன் 5, 6 ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே அரங்கேறியது. மறைந்துபோன யாழ் மீண்டும் வடிவுபெற்று அவையோர் முன் ஒலித்தது. அதன்பின் ஒன்றரை மாதமே அடிகளார் வாழ்ந்தார். 1947 ஜூலை 19 ஆம் நாள் கொழும்பிலே மறைந்த அவரது திருவுடல், அவர் நிறுவிய சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பெற்றது.

அடிகளாரின் பல்லாண்டு உழைப்பு எதனால் வேண்டப்பட்டது என்பதை மாணவர் சிந்திக்கவேண்டும். ஒரு காலத்தில் யாழும் அன்றாடப் பொருளாகவே இருந்தது. பாணர் வீதியிலே எடுத்துச் சென்ற அதன் அளவுகளையும் அமைப்பையும், எவரும் அறிந்தவையே என்று பலர் முழுமையாகக் குறித்து வையாது விட்டனர். அக்குறையை நிறைவு செய்ய ஓர் அறிஞரின் ஆயுள் செலவாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எமது கரையில் உயிர்களோடு வாடிகளையும் தோணிகளையும் வீடுகளையும் கொண்டுபோனபின், முன்பு அக்கரை எவ்வாறு இருந்தது என்று வரைந்து காட்ட முயன்றோர் பலர் தம் நினைவு மங்கலாயிருக்கக் கண்டு வருந்தினர். நாள்தோறும் பார்த்த கரையே அது. ஆயினும் கருத்தூன்றிப் பார்த்தோமல்லோம்.

ஆகவே, சித்திரம் பயிலும் மாணவன் நாளை விடியுமுன் கடற்கரைக்குச் செல்வானாக. ஞாயிறு எழுமுன் நீர் எந்நிறம் கொள்கின்றது, வலை இழுப்போர் எவ்வாறு சாய்ந்து நிற்கின்றனர் என்பவற்றைக் கண்டபின் தாளை எடுப்பானாக. இசை பயிலும் மாணவன் தன் பாட்டியார் பாடும் தாலாட்டை ஒருமுறை எழுதி வைப்பானாக. அடிகளார் பிறந்த கரையிலே அவருக்கு நாம் செய்யத்தக்க வணக்கம் அதுவாகும்.